டீசல் காடியில் ஆட்டோ கியர் உதைக்கிறதா? கியர்பாக்ஸை இறக்கச் சொல்வதற்கு முன் நீங்களே பார்க்க வேண்டியவை

போன தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ரவாங் மாமா போன் செய்தார். "மாப்ள, பிக்கப் ரெண்டுலேர்ந்து மூணுக்குப் போறப்ப பின்னாடி யாரோ இடிச்ச மாதிரி உதைக்குது. கடையில காட்டினேன். கியர்பாக்ஸ் போச்சு, இறக்கித்தான் ஆகணும், 7,000 வெள்ளி ஆகும்னு சொல்றாங்க. செய்யச் சொல்லிடவா?" என்றார். வேண்டாம் மாமா, ஞாயிற்றுக்கிழமை செந்தூலுக்கு ஓட்டிக்கொண்டு வாருங்கள் என்றேன். வந்தார். பானட்டைத் திறந்து, எஞ்சினுக்குக் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போவிலிருந்து, அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இண்டர்கூலருக்குப் போகும் ரப்பர் குழாயை இரண்டு கையாலும் பிடித்து வளைத்தேன். அடிப்பக்கத்தில், கிளிப்பை ஒட்டி, ஒரு விரல் நீளத்துக்கு வெடிப்பு. சும்மா பார்த்தால் கண்ணுக்குத் தெரியாது, வளைத்தால்தான் வாயைத் திறக்கிறது. அதைச் சுற்றிலும் கருப்பாக எண்ணெய்ப் பிசுக்கு. குழாயை மாற்றினோம், உதை நின்றுவிட்டது. கியர்பாக்ஸை யாரும் தொடவே இல்லை.

ரப்பர் குழாய் கிழிந்ததற்கும் கியர் உதைப்பதற்கும் என்ன சம்பந்தம் என்று மாமா கேட்டார். இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். ஆட்டோ கியர்பாக்ஸுக்கு என்று தனியாக ஒரு கணினி இருக்கிறது, டிசிஎம் என்பார்கள். எப்போது கியர் மாற்றுவது, உள்ளே இருக்கும் கிளட்ச் தட்டுகளை எவ்வளவு எண்ணெய் அழுத்தத்தில் பிடிக்க வைப்பது என்பதையெல்லாம் அதுதான் முடிவு செய்கிறது. ஆனால் எஞ்சின் இந்த நொடியில் எவ்வளவு பலமாக இழுக்கிறது என்பதை அது தானாக அளந்து பார்ப்பதில்லை. எஞ்சின் கணினி ஒரு கணக்குப் போட்டு அனுப்புகிறது, டிசிஎம் அந்த எண்ணை அப்படியே நம்பி அழுத்தத்தை வைக்கிறது. குழாய் கிழிந்து காற்று வெளியே போனால் எஞ்சினுக்கு இழுவை குறைகிறது. நீங்கள் ஆக்சிலேட்டரை இன்னும் மிதிக்கிறீர்கள். எஞ்சின் கணினியோ காற்று முழுசாக வந்துவிட்டது என்று நினைத்துப் பெரிய எண்ணை அனுப்புகிறது. கியர்பாக்ஸ் அந்தப் பெரிய இழுவைக்குத் தயாராகி, தட்டுகளை இறுக்கிப் பிடிக்கிறது. வந்ததோ சின்ன இழுவை. அதுதான் உதை.

அதனால் டீசல் வண்டியில் கியர் தகராறு என்றால் என் வரிசை எப்போதும் இதுதான்: முதலில் எஞ்சின் உண்மையைச் சொல்கிறதா என்று பார், அப்புறம் எண்ணெய், அப்புறம் மின்சாரம், அதற்கப்புறம்தான் கியர்பாக்ஸின் உள்பக்கம்.

உங்கள் வண்டியில் இருப்பது எந்தக் கியர்பாக்ஸ்

நம் ஊரில் ஓடும் டீசல் பிக்கப்புகளிலும் ஏழு இருக்கை எஸ்யூவிகளிலும் ஆட்டோ என்றால் பெரும்பாலும் டார்க் கன்வர்ட்டர் வகைதான், அதாவது எஞ்சினின் சுழற்சி எண்ணெய் வழியாகக் கியர்பாக்ஸுக்குப் போகும் வகை. ஹைலக்ஸ், டிரைட்டன், ரேஞ்சர், நவாரா, டிமேக்ஸ் எல்லாம் அந்தக் குடும்பம். மாஸ்டா சிஎக்ஸ்-5 டீசலும் பிஎம்டபிள்யூ 320டி-யும்கூட அப்படித்தான். சில ஐரோப்பிய டீசல் கார்களில் இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ் இருக்கும். அதற்கு எஞ்சின், பேட்டரி பற்றி இங்கே சொல்வது பொருந்தும், மற்றவை பொருந்தாது. சந்தேகம் இருந்தால் வண்டியின் கையேட்டில் பாருங்கள்.

ஒரு வாரம் எழுதி வையுங்கள்

இதை யாருமே செய்வதில்லை, ஆனால் வேலையில் பாதி இங்கேயே முடிந்துவிடும். வண்டியில் ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் வையுங்கள். கியர் தகராறு செய்யும் ஒவ்வொரு முறையும், வண்டியை நிறுத்தியபிறகு, இவற்றை எழுதுங்கள்: எஞ்சின் குளிர்ந்திருந்ததா, சூடா? எந்தக் கியரிலிருந்து எந்தக் கியருக்கு? வேகம் என்ன, ஆர்பிஎம் என்ன? லேசாக மிதித்திருந்தீர்களா, அழுத்தி மிதித்திருந்தீர்களா? மேடா, சமதளமா? மழை பெய்ததா? பக்கத்து இருக்கையில் ஆள் இருந்தால் டேஷ்போர்டை வீடியோ எடுக்கச் சொல்லுங்கள், ஓட்டுகிறவர் எடுக்கக் கூடாது.

"கியர் சரியில்லை" என்று சொல்லிக் கடைக்குள் போகிறவருக்கும், "காலையில் முதல் பத்து நிமிடம் மட்டும், இரண்டிலிருந்து மூன்று, 30 கிலோமீட்டர் வேகத்தில், லேசாக மிதிக்கும்போது" என்று சொல்கிறவருக்கும் கிடைக்கும் பதில் வேறு வேறாகத்தான் இருக்கும். எழுதியதைப் பார்த்தாலே ஓரளவு திசை தெரியும். அழுத்தி மிதித்து டர்போ வேலை செய்யும்போது மட்டும் வருகிறது என்றால் எஞ்சின் பக்கம் போங்கள். சூடேறிய பிறகு மட்டும் வருகிறது என்றால் எண்ணெய், அல்லது உள்ளே எங்கேயோ அழுத்தம் கசிகிறது. குளிர்ந்திருக்கும்போது மட்டும் என்றால் பழைய எண்ணெய், இறுகிப்போன ரப்பர் சீல்கள். எப்போதும் ஒரே ஒரு கியர் மாற்றத்தில் மட்டும் என்றால் அந்தக் கியருக்கு எண்ணெயைத் திறந்துவிடும் மின் வால்வான சோலினாய்டு, அல்லது அதன் கிளட்ச். மழைக்குப் பிறகு மட்டும் என்றால் ஒயரிங். வண்டி நிற்கப்போகும்போது அல்லது நின்று கிளம்பும்போது "டொக்" என்று கேட்டால், அது கியர்பாக்ஸாகவே இல்லாமல் இருக்கலாம். பிக்கப்பில் பின்சக்கரத்துக்குப் போகும் நீளமான ஷாஃப்டின் நடுவில் முன்னும் பின்னும் வழுக்கி நகரும் ஒரு இணைப்பு உண்டு. அதில் கிரீஸ் காய்ந்துவிட்டால் இதே சத்தம் வரும். கிரீஸ் துப்பாக்கியால் நாலு அழுத்து அழுத்தினால் போகிற சத்தத்துக்குக் கியர்பாக்ஸை இறக்கிய வண்டியை நான் பார்த்திருக்கிறேன், இன்றைக்கும் நினைத்தால் வயிறு எரிகிறது.

எஞ்சினிலிருந்து ஆரம்பியுங்கள்

எஞ்சின் ஆறியிருக்கும்போது பானட்டைத் திறங்கள். கையில் ஒரு டார்ச்சும் பழைய துணியும் போதும். டர்போவிலிருந்து இண்டர்கூலருக்கும், இண்டர்கூலரிலிருந்து எஞ்சினுக்கும் போகும் குழாய்களை முழு நீளத்துக்கும் தடவிப் பாருங்கள். குறிப்பாக அடிப்பக்கம், கிளிப் இருக்கும் இடம், வேறு எதிலாவது உரசும் இடம். உள்ளே லேசாக எண்ணெய்ப் பூச்சு இருப்பது சாதாரணம், வெளியே பிசுக்காகத் தூசி அப்பியிருந்தால் அங்கே கசிவு. ஓட்டும்போது மிதித்தால் "உஸ்ஸ்" என்று காற்று இரைகிறதா, பின்னால் கரும்புகை வருகிறதா, முன்புபோல் இழுக்கவில்லையா என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

அடுத்தது டீசல் பில்டர். நம் மலேசிய டீசலில் பாமாயில் பயோடீசலை 10 விழுக்காடு கலப்பது 2019-இல் வந்தது. பயோடீசல் சாதாரண டீசலைவிட அதிகமாக ஈரத்தை இழுக்கும், பழைய டாங்கியில் படிந்திருக்கும் அழுக்கையும் கரைத்துக் கொண்டுவரும். அதனால் பில்டரை நேரத்துக்கு மாற்றுவதும், பில்டரின் அடியில் தேங்கும் தண்ணீரைத் திறந்துவிடுவதும் இங்கே ரொம்ப முக்கியம். பில்டர் அடைத்தால் என்ன ஆகும்? சமதளத்தில் ஒன்றும் தெரியாது. மேட்டில் எஞ்சின் மூச்சுத் திணறும், கியர்பாக்ஸ் உதவிக்குக் கீழே ஒரு கியர் போடும், உடனே மேலே போகும், மறுபடி கீழே வரும். ஓட்டுகிறவருக்குக் கியர்பாக்ஸ் பைத்தியம் பிடித்துத் தேடுவதுபோல் தோன்றும். காற்று பில்டர், காற்றின் அளவைப் பார்க்கும் சென்சார், புகையில் கொஞ்சத்தைத் திரும்ப எஞ்சினுக்குள் விடும் கரி படிந்த இஜிஆர் வால்வு இவற்றையும் இதே சமயத்தில் பார்த்துவிடுங்கள். இஜிஆர் திறந்தபடி சிக்கிக்கொண்டால் எஞ்சினின் இழுவை ஒரே சீராக இருக்காது, கியர் மாறும்போது குலுங்கும்.

இனி டியூனிங் பாக்ஸ். இதைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் செகாம்புட் பக்கம் கியர்பாக்ஸ் கடையில் உதவியாளாக இருந்த நாட்களில் நான் பார்த்த எரிந்துபோன கிளட்ச் தட்டுகளில் நிறைய இந்த வண்டிகளுடையவைதான். சின்ன கருப்புப் பெட்டி, டீசலை அழுத்தத்தில் வைத்திருக்கும் ரெயில் என்ற குழாயின் சென்சார் ஒயருக்கு நடுவில் செருகுவார்கள். ரெயிலில் அழுத்தம் குறைவாக இருக்கிறது என்று அது எஞ்சின் கணினியிடம் பொய் சொல்லும். கணினி அழுத்தத்தை ஏற்றும், அதிக டீசல் பாயும், வண்டி பறக்கும். ஆனால் கியர்பாக்ஸுக்குப் போகும் எண் பழைய சின்ன எண்தான். மாமாவின் வண்டியில் நடந்ததற்கு நேர்மாறு: சின்ன இழுவைக்கு வைத்த பிடியில் பெரிய இழுவை வந்து விழுகிறது, தட்டுகள் வழுக்குகின்றன, வழுக்கினால் சூடு, சூட்டில் கருகல். பழைய வண்டியாக வாங்கியிருந்தால் முன்பு வைத்திருந்தவர் மாட்டியது இன்னும் ஒளிந்திருக்கலாம். ரெயில் சென்சாரின் ஒயரைப் பிடித்துக்கொண்டே போய்ப் பாருங்கள், கம்பெனி ஒயரில் இல்லாத இணைப்பு எதுவும் இருந்தால் கழற்றிவிட்டு ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள்.

எஞ்சினைத் தாங்கிப் பிடிக்கும் ரப்பர் மவுண்டிங்கைச் சோதிக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை நன்றாக அழுத்திக்கொண்டு, ஹேண்ட் பிரேக்கும் போட்டு, டி-யிலிருந்து ஆர், ஆரிலிருந்து டி என்று மெதுவாக மாற்ற வேண்டும். மற்றவர் பக்கவாட்டில் நின்று எஞ்சின் எவ்வளவு ஆடுகிறது என்று பார்க்க வேண்டும். வண்டிக்கு முன்னாலோ பின்னாலோ யாரும் நிற்கவே கூடாது. எஞ்சின் துள்ளி எழுந்து உட்கார்ந்தால் மவுண்டிங் போய்விட்டது, நீங்கள் கேட்கும் "டம்" அதிலிருந்து வரலாம்.

புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் பில்டர் உள்ள வண்டி என்றால் இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். அது தன்னைத் தானே சூடாக்கிக் கரியை எரிக்கும் நேரத்தில் நின்றிருக்கும்போதுகூட ஆர்பிஎம் கொஞ்சம் ஏறியிருக்கும், கியர் மேலே போகத் தயங்கும். சில நூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை, பத்து இருபது நிமிடம் மட்டும் வந்து தானாகப் போய்விடுகிறது என்றால் பயப்பட ஒன்றுமில்லை.

கியர் எண்ணெய்

எஞ்சின் எண்ணெயை, மிஞ்ஞாக் ஹீத்தாமை, எல்லாரும் நேரத்துக்கு மாற்றுகிறோம். கியர் எண்ணெயை யாரும் நினைப்பதே இல்லை. "வாழ்நாள் முழுக்க மாற்ற வேண்டாம்" என்று விற்பனையில் சொன்னதை நம்பிவிடுகிறோம். கியர்பாக்ஸ் செய்யும் இசட்எஃப் கம்பெனியே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் அல்லது 8 வருடத்துக்குள் மாற்றச் சொல்கிறது. கோலாலம்பூர் வெயிலில், ஃபெடரல் ஹைவே நெரிசலில் தினமும் ஊர்கிற வண்டிக்கு நான் 60,000 என்றே கணக்கு வைப்பேன்.

எண்ணெய் அளவு பார்க்கும் கம்பி, டிப்ஸ்டிக், உள்ள வண்டி என்றால் நீங்களே பார்க்கலாம். அரைமணி நேரம் ஓட்டிச் சூடாக்குங்கள். சமதளத்தில் நிறுத்தி, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, பிரேக்கை மிதித்தபடி லீவரை ஒவ்வொரு நிலையிலும் இரண்டு மூன்று நொடி வைத்துவிட்டுத் திரும்பக் கொண்டுவாருங்கள். பல வண்டிகளில் பி-யில் வைத்து அளக்க வேண்டும், சிலவற்றில் என்-இல் வைத்து, அதைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, திரும்ப விட்டு எடுங்கள். சூட்டுக்கான குறிக்குள் எண்ணெய் இருக்க வேண்டும். குறைவு மட்டும் தப்பில்லை, அதிகமாக இருந்தாலும் நுரைத்து, குறைவாக இருப்பதுபோலவே வழுக்கும்.

இப்போது அந்த டிப்ஸ்டிக்கில் இருக்கும் துளியை ஒரு வெள்ளை டிஷ்யூ தாளில் விடுங்கள். ஐந்து நிமிடம் அப்படியே விட்டுவிட்டு வந்து பாருங்கள். நல்ல எண்ணெய் ஒரே நிறமாக, கண்ணாடிபோல் பரவியிருக்கும். கெட்ட எண்ணெய் நடுவில் கருப்புப் பொட்டாக நின்றுவிடும், சுற்றி வெளிர் வளையம் மட்டும் ஓடியிருக்கும். முகர்ந்து பாருங்கள். கருகிய நாற்றம், பிரேக் தீய்ந்ததுபோல, வந்தால் தட்டுகள் ஏற்கனவே சூடு கண்டிருக்கின்றன. நிறத்தை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள்: டொயோட்டாவின் டபிள்யூஎஸ் சிவப்பு, மாஸ்டாவின் எஃப்இசட் நீலம், பழுப்பாவதும் வயதின் அடையாளம்தான். ஆனால் ஒரு நிறம் மட்டும் உடனே வண்டியை நிறுத்த வேண்டியது. பண்டோங் தண்ணீரில் பால் ஊற்றியதுபோல் வெளிர் ரோஸ் நிறம். ரேடியேட்டருக்குள் இருக்கும் கியர் எண்ணெய்க் குழாய் ஓட்டையாகி, கூலண்ட் தண்ணீர் கியர்பாக்ஸுக்குள் கலந்துவிட்டது என்று அர்த்தம். தண்ணீர் பட்டால் கிளட்ச் தட்டில் ஒட்டியிருக்கும் உராய்வுப் படலம் பிய்ந்துவிடும். அந்த நிலையில் எஞ்சினைக்கூட ஓட விடாதீர்கள்.

புதிய வண்டிகள் பலவற்றில் டிப்ஸ்டிக் கிடையாது. வண்டியைச் சமமாகத் தூக்கி, எண்ணெயின் சூடு கம்பெனி சொன்ன அளவில், பல வண்டிகளில் 40 டிகிரியை ஒட்டி, இருக்கும்போது பக்கத்துத் திருகைத் திறந்து வழிகிறதா என்று பார்ப்பார்கள். இதைக் கடையில்தான் செய்ய முடியும், ஆனால் வண்டியின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரில் சூட்டைப் பார்த்துச் செய்கிறார்களா, கையால் தொட்டுப் பார்த்துச் செய்கிறார்களா என்று கூடவே நின்று பாருங்கள். சூடு தப்பினால் அளவும் தப்பும்.

மாற்றுவதானால் உங்கள் வண்டிக்கு எழுதியிருக்கும் அதே வகை. டபிள்யூஎஸ் என்றால் டபிள்யூஎஸ், ஃபோர்டுக்கு மெர்கான் எல்வி என்றால் அதுதான், நிசானுக்கு மேட்டிக் எஸ் என்றால் அதுதான். எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்று டிரம்மிலிருந்து ஊற்றுவதை வேண்டாம் என்று சொல்லுங்கள். அடித்திருகைத் திறந்தால் பாதி எண்ணெய்கூட வராது, மீதி டார்க் கன்வர்ட்டருக்குள்ளேயே நிற்கும். அதனால் ஒருமுறை மாற்றி, சில நூறு கிலோமீட்டர் ஓட்டி, மறுபடி ஒருமுறை மாற்றுவது நல்லது. ரொம்ப நாள் மாற்றாத, கருகிய எண்ணெய் உள்ள கியர்பாக்ஸில் மெஷின் வைத்து அழுத்தி அலசுவதை நான் விரும்புவதில்லை, அடியில் தூங்கும் அழுக்கெல்லாம், எண்ணெயை ஒவ்வொரு கியருக்கும் பிரித்து அனுப்பும் வால்வ் பாடிக்குள் போய் உட்காரும்.

அடித்தட்டைக் கழற்றினால் அதிலிருக்கும் காந்தத்தைக் காட்டச் சொல்லுங்கள். சாம்பல் நிறத்தில், பற்பசைபோல் மிருதுவாக அப்பியிருந்தால் அது வழக்கமான தேய்மானம். விரலில் நிமிண்டும்போது ஊசிபோல் குத்துகிற துண்டுகள் இருந்தால் உள்ளே ஏதோ உடைந்திருக்கிறது, அப்போது இறக்கித்தான் ஆக வேண்டும்.

பேட்டரி, ஒயர், வெள்ளம்

பேட்டரியை மல்டிமீட்டரில் பாருங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியில் 12.4 வோல்ட்டுக்குக் குறையக் கூடாது, எஞ்சின் ஓடும்போது பெரும்பாலும் 13.5-இலிருந்து 14.7 வரை. சோலினாய்டுகள் மின்சாரத்தில் திறந்து மூடுபவை, வோல்ட் குறைந்தால் கியர் தாறுமாறாகும். எஞ்சினிலிருந்து சேசிஸுக்குப் போகும் எர்த் பட்டையும் துருப்பிடிக்காமல் இருக்க வேண்டும். பேட்டரி மாற்றிய பிறகு சில வண்டிகள் இரண்டு மூன்று நாள் முரட்டுத்தனமாகக் கியர் மாற்றும், டிசிஎம் கற்றுவைத்ததை மறந்து மறுபடி கற்கிறது, காத்திருங்கள்.

பிரேக் விளக்குகள் எரிகின்றனவா என்றும் பாருங்கள். பிரேக் சுவிட்ச் போனால் பி-யிலிருந்து லீவர் நகராது. லீவர் டி-யில் இருக்க டேஷ்போர்டில் வேறு எழுத்து காட்டினால், அல்லது பி-யில் ஸ்டார்ட் ஆகாமல் என்-இல் ஆனால், லீவர் கேபிளும் கியர் நிலை சுவிட்சும்தான் முதல் சந்தேகம். பெரிய டயர் போட்டு உயர்த்திய பிக்கப் என்றால் கியர்பாக்ஸ் வேகத்தைத் தப்பாகக் கணக்கிடும், கியர் மாறும் நேரமும் தள்ளிப்போகும். ஃபோர்வீலில் நான்கு டயரும் ஒரே அளவில் இருக்க வேண்டும்.

வெள்ளத்தைச் சொல்லாமல் விட முடியாது. 2021 டிசம்பரில் ஷா ஆலாமும் கிள்ளான் பள்ளத்தாக்கின் மற்ற இடங்களும் மூழ்கியபோது எத்தனையோ வண்டிகள் தண்ணீரில் நின்றன, சுத்தம் செய்து விற்கப்பட்டவையும் இருக்கும். கியர்பாக்ஸுக்கு மேலே மூச்சு விடும் ஒரு சின்னக் குழாய் உண்டு. சூடான கியர்பாக்ஸ் திடீரென்று தண்ணீரில் குளிர்ந்தால் உள்ளே காற்று சுருங்கி, அந்த வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். தண்ணீர் தேங்கிய சாலையில் போய்விட்டு வந்தபிறகு கியர் விழும் விதம் மாறியது என்றால் எண்ணெயையும் ஒயர் சாக்கெட்டுகளையும் அன்றைக்கே பாருங்கள்.

ஸ்கேனர் சொல்வதும் சொல்லாததும்

புளூடூத் ஸ்கேனர் ஒன்று வாங்கி வையுங்கள், போனில் ஒரு ஆப் போதும். வண்டியின் கணினி பதிந்து வைக்கும் பழுது எண்களை அது காட்டும். கியர்பாக்ஸின் பழுது எண்களையும் படிக்கக்கூடியதா என்று கேட்டு வாங்குங்கள், மலிவானவற்றில் சில எஞ்சினை மட்டும்தான் படிக்கும். ஸ்டியரிங்கின் கீழே இருக்கும் சாக்கெட்டில் செருகி, முதலில் எண்களைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், எதையும் அழிக்காதீர்கள். பி0700 என்று வந்தால் பதற வேண்டாம். "கியர்பாக்ஸ் கணினியிடம் ஒரு புகார் இருக்கிறது, அதைப் போய்க் கேள்" என்பதுதான் அதன் பொருள், அந்தப் புகார் என்ன என்று இன்னொரு எண் சொல்லும். பி0715, பி0720 என்றால் வேகம் பார்க்கும் சென்சார்கள், சென்சாரோ அதன் ஒயரோ மட்டும் போயிருக்கலாம். பி0741 என்றால் டார்க் கன்வர்ட்டரை எஞ்சினோடு நேராகப் பூட்டும் லாக்கப் கிளட்ச் சரியாகப் பிடிக்கவில்லை. பி0731-இலிருந்து பி0735 வரை என்றால் கடைசி எண் சொல்லும் கியர் வழுக்குகிறது, இது கவலைப்பட வேண்டியது. கூடவே பி0299 டர்போ காற்றுக் குறைவு, பி0087 டீசல் ரெயில் அழுத்தக் குறைவு இருந்தால், நான் மேலே சொன்ன இடத்துக்கே திரும்பிப் போங்கள்: முதலில் எஞ்சின். எஞ்சின் எண் ஒன்று நிற்கும்போது கியர்பாக்ஸைத் திறப்பது காசைக் கடலில் போடுவது.

ஓடும்போது கியர் எண்ணெயின் சூட்டையும் பாருங்கள். 80-இலிருந்து 100 டிகிரி வரை சாதாரணம். 120-ஐத் தாண்டினால் ஓரமாக நிறுத்தி ஆற விடுங்கள்.

சாலையில் சோதனை

நான் வழக்கமாகப் போகும் பாதை இது. காலையில் செந்தூலில் குளிர்ந்த எஞ்சினோடு ஆரம்பிப்பேன். ஸ்டார்ட் செய்து, பி-யிலிருந்து ஆர், பிறகு டி. லீவரைப் போட்டு ஒன்றிரண்டு நொடிக்குள் வண்டி பிடிக்க வேண்டும். மூன்று நான்கு நொடி யோசித்துவிட்டு "தடக்" என்று பிடித்தால் எண்ணெய்க் குறைவு, பில்டர் அடைப்பு, இறுகிய சீல் இவற்றில் ஒன்று. அப்புறம் டியூக் சாலை வழியாகக் கோம்பாக் டோல், அங்கிருந்து காராக் நெடுஞ்சாலையில் கெந்திங் செம்பா வரை மேடு. அந்த மேட்டில் எதுவும் ஒளிந்துகொள்ள முடியாது. ஒரே அளவு மிதித்து ஏறும்போது கியர் மாறும் இடைவெளியில் ஆர்பிஎம் மட்டும் எகிறி, வண்டி பிடிக்காமல் ஒரு கணம் மிதந்தால் அது வழுக்கல். எஞ்சின் இழுக்காமல் கியர் கீழும் மேலும் அலைந்தால் அது டீசல் பில்டர் அல்லது காற்று.

சமமான இடத்தில் 60-இலிருந்து 80-க்குள் லேசாக மிதித்துப் போகும்போது, சாலையின் ஓரக் கோடுகள் மேல் ஓடுவதுபோல் தடதடவென்று நடுங்குகிறதா? பின்னால் வண்டி எதுவும் இல்லாதபோது, ஆக்சிலேட்டரை அப்படியே வைத்துக்கொண்டு, இடது காலால் பிரேக்கை விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் தொடுங்கள். பிரேக் விளக்கு எரிந்தால் லாக்கப் விட்டுவிடும். நடுக்கம் அந்த நொடியே நின்றால் குற்றவாளி லாக்கப் கிளட்ச்தான், எண்ணெய் மாற்றினாலே பலமுறை சரியாகும். நிற்கவில்லை என்றால் டயர், ஷாஃப்ட், எஞ்சின் மிஸ்ஸிங் பக்கம் பாருங்கள். இடது காலில் பிரேக் பழக்கமில்லாதவர்கள் இதைச் செய்யவே வேண்டாம், பழகியவரைக் கூட்டிப்போங்கள்.

90-இல் நிதானமாகப் போகும்போது ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் அழுத்தினால் ஆர்பிஎம் முதலில் துள்ளி, வேகம் பின்னால் வருகிறது என்றால் லாக்கப் பிடிக்கவே இல்லை. 2024 ஜூன் 10-இல் தீபகற்பத்தில் டீசல் லிட்டர் 3.35 வெள்ளி ஆனதிலிருந்து, வண்டி டீசல் அதிகம் குடிக்கிறது என்று சொல்லி என்னிடம் வந்தவர்களில் சிலருக்கு இதுதான் காரணமாக இருந்தது.

திடீரென்று ஒரே கியரில், மூன்றிலோ நான்கிலோ, மாட்டிக்கொண்டால் அது கியர்பாக்ஸ் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் நிலை. ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்து, ஐந்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் செய்யுங்கள். கியர்கள் திரும்ப வந்துவிட்டால் மின்சாரம் அல்லது சென்சார் மேல் சந்தேகம் கூடும். அப்படியே வீட்டுக்கு மெதுவாகப் போகலாம், கெந்திங் ஏறக் கூடாது.

பிரேக்கை முழுசாக மிதித்துக்கொண்டு ஆக்சிலேட்டரையும் முழுசாக மிதிக்கும் சோதனையைச் செய்து பார் என்று யாராவது சொல்வார்கள். புதியவர்கள் செய்யாதீர்கள், சில நொடியிலேயே எண்ணெய் கொதித்துவிடும்.

கடைக்குப் போகும்போது

உங்கள் நோட்டையும் ஸ்கேனர் படத்தையும் கடை முதலாளியான தவுக்கேயிடம் காட்டுங்கள். மரியாதையாக, ஆனால் தெளிவாகக் கேளுங்கள்: "அண்ணே, எந்த எண்ணை வெச்சு ஓவர்ஹால்னு சொல்றீங்க? சோலினாய்டையும் வால்வ் பாடியையும் மட்டும் முதல்ல பார்க்க முடியுமா?" பல கியர்பாக்ஸ்களில் வால்வ் பாடியை வண்டியிலிருந்து கியர்பாக்ஸை இறக்காமலே அடித்தட்டு வழியாகக் கழற்றலாம். நல்ல கடைக்காரர் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார், உட்கார வைத்து விளக்குவார். இறக்கித்தான் ஆக வேண்டும் என்றால் பழைய தட்டுகளை எடுத்து வைக்கச் சொல்லுங்கள், டார்க் கன்வர்ட்டரும் கணக்கில் சேருமா என்று கேளுங்கள், எண்ணெய் கூலரை அலசுவார்களா என்று கேளுங்கள். பழைய தூள் கூலரில் நின்றால் புது கியர்பாக்ஸுக்குள்தான் போகும். பழைய வண்டிகளை வெட்டி உதிரிபாகம் விற்கும் கெடாய் போத்தோங்கில் ஜப்பான் கியர்பாக்ஸ் வாங்குவதானால் எண் பொருந்துகிறதா என்று பார்த்து, வாரண்டி எத்தனை நாள் என்பதை ரசீதில் எழுதி வாங்குங்கள்.

வண்டி நகராமல் நின்றுவிட்டால் கயிறு கட்டி இழுக்க விடாதீர்கள். எஞ்சின் ஓடாதபோது கியர்பாக்ஸின் எண்ணெய் பம்ப்பும் ஓடாது, சக்கரம் சுற்றச் சுற்ற உள்ளே காய்ந்து தேயும். வண்டி முழுதாக மேலே ஏறும் தட்டையான லோரியைக் கூப்பிடுங்கள்.

வேலை முடிந்து வண்டி வந்ததும், முதல் இரவு கியர்பாக்ஸுக்கு நேர் கீழே ஒரு பழைய அட்டையை விரித்து வையுங்கள். காலையில் அதில் துளி எதுவும் இல்லையென்றால் 500 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு எண்ணெய் அளவை மறுபடி பாருங்கள். துளி இருந்தால் அட்டையையும் எடுத்துக்கொண்டு அன்றைக்கே கடைக்குப் போங்கள்.